அருளம்பலத்தார் காலமான கிழமை

யூன் 3, 1993, வியாழன்

இன்று பின்னேரம் நான் விதவையானேன். கொழும்பு ரேடியோ சொல்லித்தான் எனக்கே தெரிய வந்தது.

வழக்கம்போல எங்கள் விறாந்தை நிறையச் சனம். உரும்பிராயில் கரண்ட் போய் மூன்று வருசம். பற்றரி கொண்டுவரத் தடை. ஆகவே ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, ஒரு ஆள் ஏறி இருந்து மிதிக்க வேண்டும். டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார். இந்த ஒழுங்கையில் ரேடியோ வைத்திருக்கிறவர்கள் நாலு பேர். கால் வைத்திருக்கிறவர் என் மனுசன் மட்டும்தான் போலிருக்கிறது. இவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். ரயில் வராத ஸ்ரேசனில் கடைசிக் காலம் முழுவதும் மணி பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கும் போகாத சைக்கிளை மிதிப்பது அவருக்குப் பெரிய வேலையில்லை.

சண்டைச் செய்தி முடிந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வழக்கம்போல இரண்டு பக்கமும் இரண்டு கணக்கு. அதற்குப் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அடுத்தது மரண அறிவித்தல். அதற்கு மட்டும் ஒருவருக்கும் இருமல்கூட வராது. யார் செத்தது, எந்த ஊர், மருமக்களில் யாருடைய பேரை முதலில் போட்டிருக்கிறார்கள், எந்தத் தமக்கையை விட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, ஒரு கிழமைக்கு அதையே கதைப்பார்கள்.

பக்கத்து வீட்டுக் கிளாக்கர் நவரத்தினம் ரேடியோவின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் வேறு ஒருவருக்கும் விடமாட்டார். ரேடியோ சொன்னது:

"உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் கந்தப்பு அருளம்பலம் காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான கந்தப்பு, வள்ளியம்மை தம்பதிகளின் பாசமிகு புதல்வரும், தில்லைநாயகியின் அன்புக் கணவரும், வதனியின் அருமைத் தந்தையுமாவார். இறுதிக் கிரியைகள் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்."

தில்லைநாயகி நான்தான். கையில் தேத்தண்ணித் தட்டு.

என் மனுசன் மிதிப்பதை நிறுத்தவில்லை. தன்னுடைய சாவை ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டுமென்று இன்னும் உன்னி மிதித்தார். ரேடியோ அவ்வளவு வடிவாக ஒருநாளும் கதைத்ததில்லை.

"மாஸ்டர், உது நீங்களோ?" என்று கிளாக்கர் கேட்டார்.

"நான்தான்" என்றார் இவர். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பிழையில்லாமல் வாசிச்சிருக்கிறான். என்ரை எழுத்தை ஒரு சொல்லும் மாத்தேல்லை" என்றார். முகத்தில் ஒரு சந்தோசம். கோதாரி பிடித்த மனுசன்.

கிளாக்கர் விடவில்லை. "கொழும்பிலை இருக்கிற தமையன்ரை பேர் வரேல்லையே? சோதிநாதன்ரை?"

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றேன் நான்.

நடந்தது இதுதான். போன மாதம் பின் ஒழுங்கையில் ஒரு சாவு. அந்த அறிவித்தலில் மூத்த மருமகனுக்கு முன்னால் இளைய மருமகன் பேர் வந்து, செத்தவீட்டில் கதிரை பறந்தது. அதைப் பார்த்த நாள் முதல் இவருக்கு ஒரு பயம், தன்னுடைய அறிவித்தலையும் ஆராவது பழுதாக்கிவிடுவார்கள் என்று. தானே எழுதினார். திகதிக்கு மட்டும் இடம் விட்டார். நேரம் வரும்போது போடட்டும் என்று கொழும்பிலுள்ள மகளுக்கு அனுப்பச் சொன்னார். முதல் எழுதிய தாளில் இன்னொரு வரியும் இருந்தது. அந்தத் தாள் அடுப்புக்குப் போய்விட்டது. மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு அடுப்பு மூட்டத் தாள் வேண்டும்தானே. ஆருடைய பேர் வேண்டும், ஆருடையது வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். நான் குசினிக்குள் இருந்து இரண்டு சொல் சொல்லியிருப்பேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

சனம் சிரித்துக்கொண்டு போனது. நானும் சிரித்தேன். பிறகு குசினியில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

வதனி இருக்கும் வெள்ளவத்தை வீட்டில் ரேடியோ விடிந்தால் பொழுதுபட்டால் பாடிக்கொண்டே இருக்கும்.

பதினோராம் திகதி அவளுக்குப் பிளேன். கனடாவில் மாப்பிள்ளை கலியாண மண்டபம் எடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். இந்த விசாவுக்காக ஒரு வருசம் அலைந்தாள். தகப்பன் செத்தான் என்று கேட்டால் பிளேனையும் பார்க்கமாட்டாள், மாப்பிள்ளையையும் பார்க்கமாட்டாள். நேரே புறப்பட்டு வருவாள். வருவதற்கு இருப்பது ஒரே ஒரு வழி, கிளாலிக் கடல். இரவில் வள்ளத்தில் வரவேண்டும். நேவிக்காரன் கண்டால் சுடுவான். தை மாதம் எத்தனை பேரைப் பறிகொடுத்தோம். எடுத்துச் சொல்ல இங்கே ரெலிபோனும் இல்லை.

விறாந்தைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். இவர் சைக்கிளில் இருந்து இறங்கினார். இறங்கி நிலத்தில் இருந்துவிட்டார்.

யூன் 4, வெள்ளி

விடிய முதல் ஆள் பந்தல்காரர். கம்பும் கயிறுமாக வந்து நின்றார். கதவைத் திறந்தது செத்தவர். பந்தல்காரர் கம்பைப் போட்டுவிட்டு ஓடியவர் இன்னும் எடுக்க வரவில்லை. விறகுக்கு ஆகும்.

பிறகு சனம் வரத் தொடங்கியது. கோப்பாயிலிருந்து இவருடைய மாமி முறையான ஒரு மனுசி, படலையில் நின்றே, "என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியே" என்று குளறிக்கொண்டு வந்தா. இவர் முன்னால் போய் நின்று, "மாமி, நான் போகேல்லை, இருங்கோ" என்றார். மாமி கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்தது வீணோ?" என்று ஏசினா. ஆறுதலாக இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனா.

சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று அயலட்டை சோறும் கறியும் அனுப்பியது. ஆள் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்தபிறகும் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் காலத்தில் கத்தரிக்காய்க் குழம்பை ஆர் திருப்பிக் கொடுப்பார்?

இவருக்குத்தான் மனவருத்தம். "இவ்வளவு பேர் வந்தவை, வடிவா அழுதது மாமி ஒராள்தான்" என்றார்.

"உங்களுக்கு விசரே? பிள்ளை கடலுக்கை இறங்கப்போறாள், நீங்கள் அழுத ஆக்களை எண்ணுறியள்!"

அவர் உள்ளே போய்ச் சுவாமி அறையில் நின்றுவிட்டு, கண் சிவந்து வந்தார்.

பத்து மணிபோல் நீர்வேலியிலிருந்து கதிர்காமுவின் மனுசி துக்கம் விசாரிக்க வந்தா. அப்போதுதான் குட்டு வெளித்தது. கதிர்காமு கொழும்புக்குப் போனவர். வதனிக்குச் சாமான் அவரிடம்தான் கொடுத்துவிட்டோம். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூறைச் சீலை, பனங்காய்ப் பணியாரம், இந்தத் தாள். தாளை உறையில் போட்டு ஒட்டவில்லை. ஆரும் ஒட்டுவதில்லை, ஒட்டினால் ஆமிக்காரன் சோதனையில் கிழிப்பான், கொண்டுபோகிறவருக்கும் ஆக்கினை.

"நீங்கள் தரேக்கை தேம்பித் தேம்பி அழுதியளாம்" என்றா அந்த மனுசி. "இவர் வீட்டை வந்து தாளைப் பார்த்தா மேலை மரண அறிவித்தல் எண்டு கிடக்கு. பாவம், மனுசி வாய்விட்டுச் சொல்ல ஏலாமல் தந்திருக்கு, கொழும்பிலை இறங்கின உடனை முதல் வேலை இதுதான் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். காசும் தன்ரை கையாலைதான்."

நான் அழுதது கூறைச் சீலைக்கு. என் பிள்ளைக்கு அதைக் கட்டிவிட நான் அங்கே இருக்கமாட்டேன் என்று அழுதேன். அவர் நல்ல மனுசன். இப்படி நல்ல மனுசர் இன்னும் இரண்டு பேர் இருந்தால் ஊர் முழுக்கச் செத்திருக்கும்.

பின்னேரம் இயக்கத்துப் பொடியள் பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போனேன். பாஸ் இல்லாமல் இங்கிருந்து ஒருவரும் வெளியே போகமுடியாது. அக்கரைக்குப் போய் அவளை வள்ளத்தில் ஏறாமல் மறிக்கலாம் என்பது என் எண்ணம். மேசைக்குப் பின்னால் ஒரு தம்பி, மீசை இப்போதுதான் முளைக்கிறது.

"என்ன காரணம், அம்மா?"

"என்ரை மனுசன் செத்திட்டார் எண்டு மகள் வாறாள். சாகேல்லை எண்டு சொல்லப் போகோணும்."

தம்பி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "செத்தவீட்டுக்குப் போறதெண்டாப் பாஸ் உடனை தரலாம். சாகாத வீட்டுக்கு எப்பிடியம்மா தாறது?"

"அப்ப செத்தவீடு எண்டு போடு."

"செத்தது ஆர்?"

"என்ரை மனுசன்."

"அப்ப நீங்கள் திரும்பி வருவியள் எண்டு பிணை நிக்கிறது ஆர்? புருசன் எல்லோ நிக்கோணும்?"

"அவர் வெளியிலை நிக்கிறார், கூப்பிடட்டே?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை விழுங்கி, "ஒரு கிழமை செல்லும், அம்மா. உண்மையாத்தான் சொல்லுறன். கரையிலை போய் நில்லுங்கோ, அதுதான் கெதி" என்றான். அதுவும் நல்ல புத்திதான்.

யூன் 5, சனி. பளை

இவர் மிதிக்க, சைக்கிள் காரியரில் ஏறி இருந்து பளைவரை வந்தேன். ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் நிற்கிறோம். எழுதுவதும் நின்றுகொண்டுதான். இருக்கமுடியவில்லை.

கொடிகாமத்தில் தலைக்கு மேலே பொம்மர் பிளேன் சுற்றியது. வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தோம். இவர் என் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டு, "நீர் பயப்பிடாதையும், என்னைக் கொல்லுறதெண்டால் இன்னொரு அறிவித்தல் குடுக்கோணும்" என்றார். பொம்மர் போனபிறகும் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

யூன் 6, ஞாயிறு

விடியக் கிளாலிக் கரைக்குப் போனோம். எஞ்சின் வள்ளம் ஒன்று முன்னால், அதன் பின்னால் கயிற்றில் கட்டி நாலைந்து வள்ளம். சனம் பொட்டளியும் பிள்ளையுமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தது. ஒவ்வொரு இளம் பெட்டையின் முகமாகப் பார்த்தேன். வதனி இல்லை.

கடைசி வள்ளத்தில் இவருடன் முந்தி வேலை செய்த ரயில் கார்ட் ஒருவர் வந்தார். கொழும்பில் அறிவித்தல் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கரையில் நிற்கிற இவரைக் கண்டதும் வாயைத் திறந்தார், மூடவில்லை. அப்படியே தண்ணீருக்குள் இருந்துவிட்டார். நாலு பேர் தூக்கித்தான் கரை சேர்த்தது. தெளிந்ததும், "மாஸ்டர், என்னையும் கூட்டிக்கொண்டு போகவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

என் மனுசனைக் கரையில் வைத்திருப்பது ஆபத்து. வதனி கண்டாலும் இதே கதைதான் என்று சொல்லி வீட்டுக்குத் திருப்பினேன். அதோடு ரேடியோவும் கேட்க வேண்டும். கடலில் ஏதும் நடந்தால் எங்களுக்கு முதல் லண்டன் ரேடியோக்காரனுக்குத்தான் தெரிகிறது. போக மனமில்லாமல் சைக்கிளை இரண்டு தரம் திருப்பிக்கொண்டு வந்தார். மூன்றாம் தரம் ஏசி அனுப்பினேன்.

பிறகு ஒரு வேலை செய்தேன். பொழுதுபட அக்கரைக்குப் போகிற சனம் வரிசையில் இருந்தது. அத்தனை பேரிடமும் வெள்ளவத்தை வீட்டு ரெலிபோன் நம்பரைச் சொன்னேன். "அப்பா சாகேல்லை, பிளேன் ஏறு எண்டு சொல்லுங்கோ." ஒருவர் உள்ளங்கையில் எழுதினார். ஒரு மனுசி திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினா. ஒருவர் மட்டும், "அம்மா, ஆர் சாகேல்லை எண்டு சொல்லுறது, பேர் வேண்டாமே?" என்று கேட்டார். வவுனியா போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் ரெலிபோன் எடுப்பார்கள். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்ளட்டும்.

ஆனால் அவள் வியாழன் இரவே வெளிக்கிட்டிருந்தால் நம்பரால் என்ன பிரயோசனம்?

அக்காவின் வீட்டில் சோறு போட்டார்கள். அக்கா சும்மா இருக்காமல், "அந்தச் சோதிநாதன் கொழும்பிலைதானே, அவர் போய்ப் பிள்ளையை மறிக்கமாட்டாரே?" என்றா.

அவர் ஏன் மறிக்கிறார்? இவருடைய அம்மா, என் மாமி, செத்தபோது அறிவித்தல் கொடுத்தவர் அவர். மருமக்கள் என்று பேர் வாசித்தார்கள். அவருடைய மனுசியின் பேர் வந்தது, பேச்சுக்குக்கூட என்னுடைய பேர் வரவில்லை. மாமியைக் கடைசி ஏழு மாதம் தூக்கிக் குளிப்பாட்டியது நான். அதற்குப் பிறகு அவருடன் பேச்சுவார்த்தை இல்லை. வதனி கொழும்புக்குப் போனபோதும் அவருடைய வாசலை மிதிக்கக்கூடாதென்று சொல்லித்தான் அனுப்பினேன். இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கேட்கிறா.

யூன் 7, திங்கள்

விடிய வள்ளம் ஒன்றும் வரவில்லை.

இரவு முழுக்கக் கடலில் வெடிச்சத்தம் கேட்டது. கரையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவர் இரண்டு வள்ளம் போச்சு என்கிறார். ஒருவர் வள்ளமே வெளிக்கிடவில்லை என்கிறார். ஒருவர் கயிற்றை வெட்டிவிட்டார்கள் என்கிறார். எல்லோரும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே சொல்கிறார்கள்.

பிள்ளையாருடன் சண்டை பிடித்தேன். உனக்குப் பெட்டைப் பிள்ளை இல்லை, உனக்கு எங்கே விளங்கும் என்று கேட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டு நூற்றெட்டுத் தேங்காய் சொன்னேன். தேங்காய் விற்கிற விலை அவருக்கும் தெரியும்.

வள்ளத்தில் வேறு ஆர் வேண்டுமானாலும் இருக்கட்டும், என் பிள்ளை மட்டும் இருக்கக்கூடாது என்று கும்பிட்டேன். வேறு ஆர் என்று யோசிக்கவில்லை.



யூன் 8, செவ்வாய். வீடு

இன்று வள்ளம் வந்தது.

முதல் வள்ளத்தில் அவள் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஒரு பெட்டையின் முதுகைக் கண்டு, "வதனி!" என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். திரும்பிய முகம் வேறு ஆரோ பெற்ற பிள்ளை. பாவம், எனக்காக அந்தப் பிள்ளையும் அழுதது.

கடைசி வள்ளத்திலிருந்து ஒரு வயதான ஆளை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தலை மொட்டை. ஆரோ கொள்ளி வைக்கப் போகிறார் போல என்று நினைத்தேன். கிட்ட வந்தார். சோதிநாதன் அத்தான்.

அறுபத்தெட்டு வயது. குடலிறக்கம் உள்ள மனுசன். தண்ணீரென்றால் கிணற்றடியில்கூடத் தள்ளி நின்று குளிக்கிறவர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்ன பிள்ளை இது? என்ரை தம்பி செத்து ஒரு கிழமை ஆகேல்லை, நீ குங்குமப் பொட்டோடை கரையிலை நிக்கிறாய்?"

"அத்தான், அவர் சாகேல்லை. வீட்டிலை சைக்கிள் மிதிக்கிறார்."

அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரமும் சொன்னேன். கதிர்காமு, தாள், கூறைச் சீலை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மணலில் குந்தியிருந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, "அறுவான்! மயிரும் போச்சு, மானமும் போச்சு!" என்று தம்பியை ஏசத் தொடங்கினார். பளைச் சந்திவரை ஏசினார்.

"வதனி எங்கை?" என்று நான் கேட்டது அதற்கு முதலா பிறகா என்று நினைவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"கொழும்பிலை. அறிவித்தல் கேட்ட உடனை ஓட்டோ பிடிச்சு வெள்ளவத்தைக்குப் போனன். பெட்டியோடை வாசலிலை நிக்கிறாள். பெட்டியைப் பறிச்சு அலுமாரிக்கை வைச்சுப் பூட்டினன். நீ பிளேன் ஏறு, கொப்பருக்குக் கொள்ளி வைக்க நான் இருக்கிறன் எண்டு சொன்னன். கடிச்சுப்போட்டாள், பார்" என்று கையைக் காட்டினார். உண்மையாகவே பல்லுப் பதிந்திருந்தது. என் பிள்ளையின் பல்லுத்தான். எனக்கு அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"முந்தநாள் ராத்திரியும் வள்ளத்திலை ஏறினனாங்கள். சுடத் துவங்கிவிட்டான். வள்ளத்துக்குள்ளை, அடியிலை நிண்ட தண்ணிக்கை படுத்திருந்தனான். திருப்பிக் கொண்டுபோயிட்டாங்கள்" என்றார், சந்தைக்குப் போய் மரக்கறி இல்லாமல் திரும்பியவர் மாதிரி.

"பிறகு ஏன் அத்தான் திரும்பவும் ஏறினியள்?"

"பிரேதத்தை எத்தினை நாள் வைச்சிருப்பியள்?"

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரச் செய்தி போய்க்கொண்டிருந்தது. விறாந்தை நிறையச் சனம். இவர் சைக்கிளில். என்னைக் கண்டதும் கண் வதனியைத் தேடியது. "பிள்ளை கொழும்பிலை சுகமா இருக்கிறாள், வரேல்லை" என்று படலையில் நின்றே கத்தினேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பின்னால் நிற்கிற மொட்டைத் தலையைக் கண்டார். கால் நின்றது. செய்தி வாசிக்கிறவர் இழுத்து இழுத்துப் பேச்சில்லாமல் போனார்.

"மாஸ்டர், மிதியுங்கோ, மிதியுங்கோ!" என்று கிளாக்கர் கத்தினார்.

"அண்ணை" என்றார் இவர்.

"செத்த ஆளுக்கு இவ்வளவு வேர்வையோடா?" என்றார் அத்தான். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். சைக்கிள் சரிந்து கிளாக்கருடைய காலில் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் ஒழுங்கையே திரண்டுவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டுக் கடைசியில் உண்மையாகவே செத்துவிட்டாரோ என்று நாலு பேர் வெள்ளைத் துணியுடன் ஓடிவந்தார்கள்.

இப்போது இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் இருந்து கதைக்கிறார்கள். ரேடியோவை ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கு அத்தானுக்குக் கொள்ளும் குரக்கன் மாவும் பார்க்க வேண்டும், சோறு அவருக்கு ஒத்துவராது.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பளையிலிருந்து ஒரு லொறியில் வந்தோம், வெங்காய மூட்டைகளுக்கு மேலே இருந்து. கொடிகாமம் தாண்டியதும், ஏசிக் களைத்திருந்த அத்தான் மெல்லச் சொன்னார்.

"பிள்ளை, ரேடியோவிலை எல்லாற்றை பேரும் சொன்னவன். அப்புவின்ரை, அம்மாவின்ரை, உன்ரை, வதனியின்ரை. கவனமாத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

வெங்காய மூட்டையின் சாக்கில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மொட்டைத் தலையில் வெயில். பல்லுப் பதிந்த கை வீங்கியிருந்தது.

"உங்கடை பேரும் எழுதினவர்தான், அத்தான்" என்றேன். "வாசிக்கேக்கை ரேடியோக்காரன் விட்டிட்டான்."

அவர் தலையை ஆட்டினார்.

"வதனியும் அழுதழுது கேட்டவள், ஏன் பெரியப்பா உங்கடை பேர் மட்டும் வரேல்லை எண்டு. நானும் இதையேதான் சொன்னனான்."